வின்செஸ்டர்: 1964-க்கு முன்னும் பின்னும்

அமெரிக்காவில் பழைய வின்செஸ்டர் ரைபிள் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "1964-க்கு முந்தியதா?" என்றுதான். ஒரு கம்பெனி சரிந்த கதை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஆலிவர் வின்செஸ்டர் 1866-ல் தொடங்கிய நிறுவனம் இது. ஆலை நியூ ஹேவன் நகரில். 1873 மாடல் ரைபிள் பெரும்புகழ் தந்தது. முதல் உலகப்போருக்காக ஆலையைப் பெரிதாக்கி, கடனில் மூழ்கி, 1931-ல் ஆலின் குடும்பத்தின் கைக்குப் போனது.

பிறகு கூலி ஏறியது. செலவைக் குறைக்க 1964-ல் ரைபிள்களின் வடிவமைப்பையே மாற்றினார்கள். மாடல் 94-ல் கடைந்தெடுத்த எஃகு உறுப்புக்குப் பதில் தகட்டில் அடித்தது வந்தது. மாடல் 70-ன் மரக்கட்டையில் கையால் செதுக்கிய கோடுகளுக்குப் பதில் அச்சில் அழுத்திய கோலம் வந்தது. அப்பாவின் துப்பாக்கியைப் பிடித்துப் பழகிய வேட்டைக்காரர்களுக்கு வித்தியாசம் கையிலேயே தெரிந்தது.

பின்னாளில் செய்த திருத்தங்களும் போன பெயரை முழுதாக மீட்கவில்லை. 1981-ல் ஆலை கைமாறியது. 2006 மார்ச்சில் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் வரும் மாடல் 94 ஜப்பானில் தயாராகிறது.

மிச்சம் பிடித்த பணம் அந்த வருடக் கணக்கிலேயே தெரிந்துவிடும். இழந்த நம்பிக்கைக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை. பழைய துப்பாக்கிக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில்தான் அதைப் படிக்க முடிகிறது!