நீல வந்தே பாரத், ஆரஞ்சு வந்தே பாரத், நம்ம நாகர்கோவில்



போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், சென்னையில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், நீலத்துல ஒரு வந்தே பாரத் ஓடுது, ஆரஞ்சுல ஒண்ணு ஓடுது. வண்டியே வேறயா, பெயின்ட் மட்டும் வேறயா?" என்று கேட்டான். அதற்குள் பாயசம் வந்துவிட்டது. பாதியில் விட்ட பதிலை இங்கே முடிக்கிறேன்.

சென்னை பெரம்பூரில் உள்ள ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-இல் நேரு திறந்து வைத்தார். 2018-இல் அங்கே உருவானதுதான் முதல் மாடல். அந்த வருடத்தை வைத்தே 'டிரெயின் 18' என்று பெயர். இதற்குத் தனி எஞ்சின் கிடையாது. சென்னை மின்சார ரயில் போலப் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார் இருக்கும். அதனால் சட்டென்று வேகம் எடுக்கும். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கி.மீ. தொட்டது. 2019 பிப்ரவரி 15-இல் டெல்லி–வாராணசி இடையே தொடங்கி வைக்கப்பட்டது.

இரண்டாவது மாடல் 2022-இல் வந்தது. அதே நீலம், வெள்ளைதான். ஆனால் எடை 430 டன்னிலிருந்து 392 டன்னாகக் குறைந்தது. வண்டிகள் மோதாமல் தடுக்கும் 'கவச்' கருவி சேர்ந்தது. முதல் மாடலில் எக்ஸிகியூட்டிவ் வகுப்புக்கு மட்டும் இருந்த சாயும் இருக்கை எல்லாருக்கும் கிடைத்தது.

ஆரஞ்சு வண்டி 2023 செப்டம்பரில் காசர்கோடு–திருவனந்தபுரம் பாதையில் வந்தது. இருக்கை இன்னும் கொஞ்சம் சாயும், வாஷ்பேசின் ஆழமானது, சக்கர நாற்காலிக்கு இடம் ஒதுக்கினார்கள். ஆக, பெயின்ட் மட்டும் இல்லை. ஆனால் அடிப்படை வண்டி ஒன்றுதான்.

'அப்போ வேகம்?' என்று கேட்பீர்கள். வேகத்தை முடிவு செய்வது வண்டி மட்டும் இல்லை, தண்டவாளமும்தான். ஜப்பான் 1964-இலேயே 210 கி.மீ. வேகத்தில் ரயில் விட்டது என்றால், அதற்கென்றே தனிப் பாதை போட்டது. நம் வண்டியோ சரக்கு ரயிலும் பாசஞ்சரும் போகும் அதே பாதையில்தான் போகிறது. 2024 ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத், 700 கி.மீ.க்கு மேல் உள்ள தூரத்தைச் சுமார் 9 மணி நேரத்தில் கடக்கிறது. கணக்குப் போட்டால் சராசரி 80 கி.மீ. சொச்சம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் ஊருக்கு ரயில் வந்ததே 1979-இல்தான், அதுவும் திருவனந்தபுரம் பக்கமிருந்து. திருநெல்வேலி இணைப்பு 1981-இல் கிடைத்தது. அதற்கு முன் நான் சென்னைக்கு ரயிலேற வேண்டுமென்றால், டிரங்குப் பெட்டியோடு பஸ் பிடித்து ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலி போக வேண்டும். இன்று கோட்டார் ஸ்டேஷனில் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

ஆனாலும் ஒன்று சொல்லணும். இந்த மூன்றும் உட்கார்ந்து போகும் வண்டிகள். நாம் இருப்பதோ நாட்டின் கடைசி முனை. இங்கேயிருந்து சென்னைக்குப் பகலில் போனால் ஒரு நாள் போயிற்று. வெள்ளி ராத்திரி ஏறி, சனி காலையில் அம்மா கையால் காப்பி குடிக்க நினைக்கிற பிள்ளைக்குத் தேவை படுக்கை. படுக்கை வசதி கொண்ட வந்தே பாரத்தும் 2026 ஜனவரியில் ஹவுரா–காமாக்யா இடையே தொடங்கிவிட்டது. எனக்குக் கேட்டால், நாகர்கோவிலுக்கு ஏற்ற மாடல் அதுதான். இருக்கை எத்தனை டிகிரி சாய்கிறது என்பதைவிட, வீட்டில் எத்தனை மணி நேரம் கூடுதலாக இருக்க முடிகிறது என்பதுதான் நமக்குக் கணக்கு.

அது வரும்வரை, கிடைக்கிற வண்டியில் ஏறி வாங்க மக்களே. வந்தால் வீட்டுக்கு வராமல் போகாதீங்க.