மலைமேல் ஒரு வழங்கி

ஓலைச்சுவடிகள் அழிந்த கதையைக் கறையான் என்றும் வெள்ளம் என்றும் ஆடிப்பெருக்கு என்றும் சொல்லிப் பழகியவர்கள் நாம். இணையத்தில் ஏறிய தமிழ் அழிந்த கதையை இன்னும் சொல்லிப் பழகவில்லை. 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, தொண்ணூறுகளில் தமிழன்பர்கள் எழுத்துருச் சிக்கல்களோடு போராடி அமைத்த பக்கங்கள் பலவும் உடன் போயின. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுக்கள் வளர்ந்ததும் யாஹூவின் நிழலில்தான். அந்நிறுவனக் குழுக்களின் பழைய மடல்கள் 2019இன் இறுதியில் தளத்திலிருந்து நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. நாம் குடியிருந்தது வாடகை வீடுகூட அல்ல, சத்திரம். சத்திரத்தின் கதவை அடைக்க யாரும் நம் அனுமதியைக் கேட்கவேண்டியதில்லை.

இதற்கு மாற்று ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது. இணையத்தின் அடிப்படை விதிமுறைகள் கொடுக்கும் கணினி, வாங்கும் கணினி என்று சாதி பிரிக்கவில்லை. பொதுமுகவரி கொண்ட எந்தக் கணினியும் எந்தக் கணினிக்கும் பதில் சொல்லலாம். 'வழங்கி' என்பது ஒரு பொறியின் பெயரன்று, அது செய்யும் தொழிலின் பெயர். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர், பொழுதுபோக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லி அறிவித்த கருநிரல், குனு திட்டத்தின் கருவிகளோடு சேர்ந்து இத்தொழிலை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் பெருநிறுவனங்களிலும் இருந்த யுனிக்ஸ் வகை இயங்குதளம், கழித்துப்போட்ட மேசைக்கணினியிலும் ஓடியது. திரை வேண்டாம், விசைப்பலகையும் நிறுவும்வரைதான். அதன்பின் பரண்மேல் கிடந்தாலும் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நீலகிரி போன்ற மாவட்டத்தில் இதன் பொருளைச் சற்று நின்று பார்க்கவேண்டும். உதகையில் நூல் வாங்கவும் அச்சடிக்கவும் பெரும்பாலும் கீழே இறங்கவேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் பெருநகரங்களே முதலில் பயன்பெற்றன. லினக்ஸோ தொலைபேசிக் கம்பியை நம்பி மட்டும் வரவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிசி குவெஸ்ட் இதழோடு குறுந்தகடாக வந்தது. 2005க்குப் பிறகு உபுண்டு குறுந்தகடுகளைக் கேட்டவர்க்கெல்லாம் கட்டணமின்றி வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்பினார்கள். 2011வரை அது நீடித்தது. மலைக்கு லினக்ஸைச் சுமந்து வந்தவர்களில் தபால்காரருக்கு முக்கிய இடமுண்டு. அதே காலத்தில் கேடிஈ போன்ற பணிச்சூழல்களைத் தமிழாக்கும் வேலையைக் கடல்கடந்த தமிழர் உட்படப் பல தன்னார்வலர்கள் ஊதியமின்றிச் செய்துகொண்டிருந்தனர்.

வீட்டிலேயே வழங்கி என்பது 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் அகலப்பட்டைச் சேவை தொடங்கிய பிறகே நடைமுறைக்கு வந்தது. தொடக்க வேகம் நொடிக்கு 256 கிலோபிட். 700 மெகாபைட் கொண்ட ஒரு லினக்ஸ் குறுந்தகட்டை இறக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடிக்கும். சில திட்டங்களில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டுவரை கணக்கின்றி இறக்கிக்கொள்ளலாம் என்ற சலுகை வந்தது. அதுவும் ஆறு மணி நேரந்தான்! ஒரு தலைமுறை ஆர்வலர்களை இராக்கோழிகளாக்கிய பெருமை அத்திட்டத்தைச் சாரும். ஆனால் இத்தொடர்பில் ஒரு குறை இருந்தது. மோடத்தை அணைத்துப் போட்டால் வீட்டின் இணைய முகவரி மாறிவிடும். மாறிய முகவரியை உடனுக்குடன் ஒரு நிலையான பெயரோடு பொருத்தித்தரும் இலவசச் சேவைகளை நம்பியே வீட்டு வழங்கிகள் வாழ்ந்தன. வீடு மாறிக்கொண்டே இருப்பவர், தபால் நிலையத்தில் சொல்லிவைப்பது போன்ற ஏற்பாடு அது.

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் வழங்கிகளைக் குளிர்விக்கச் செலவிடும் மின்சாரம் இங்கே மிச்சம். வேறு தொல்லைகள் உண்டு. குளிரில் மின்கலத்தின் திறன் குறையும். மழைமாதங்களில் அணைத்துவைத்த பொறியின்மேல் ஈரம் கோத்துக்கொள்ளும். இடிமின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்துக்குள் இறங்கும். 2009 நவம்பரில் நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்த நிலச்சரிவுகளில் சாலைகள் துண்டிக்கப்பட்ட நாட்களை இம்மலை மறக்கவில்லை. மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. குந்தா பின்னர் வந்தது. மாநிலத்துக்கு விளக்கேற்றிய மலை இது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழகம் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்தபோது, வீட்டு வழங்கிகளும் அணைந்து அணைந்தே எரிந்தன.

உதகையில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வ்ஸை இங்கே நினைவுகூராமல் இருக்கமுடியாது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மடல்களில் ஓயாமல் விவாதித்தவர். பைத்தான் நிரல்மொழியின் தீராத அன்பர். இந்திய பைத்தான் மென்பொருள் சங்கத்தின் முதல் தலைவர். முதல் பைக்கான் இந்தியா மாநாடு 2009 செப்டம்பரில் பெங்களூரில் கூடியதில் அவருடைய பங்கு பெரிது. 2012இல் மறைந்தார். அவர் பெயரால் அவ்வாண்டிலேயே ஒரு விருது நிறுவப்பட்டது. மென்பொருள் வாழ்வென்றால் பெங்களூருக்குக் குடிபெயர்வது என்று பலரும் நம்பிய காலத்தில், மலையிலிருந்தபடியே பெங்களூரையும் சென்னையையும் தன் கேள்விகளுக்குப் பதில் சொல்லவைத்தவர் என்றே அவரை நாம் மதிப்பிடுகிறோம்.

கருவிகள் மலிந்த அதே காலத்தில் கதவுகள் சாத்தப்பட்டன என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 2012 பிப்ரவரியில் ராஸ்பெரி பை வெளிவந்தது. உள்ளங்கையளவுப் பலகை, 35 டாலர், சில வாட் மின்சாரம் போதும். ஆனால் 2014 மே மாதத்தில் டின்டிஎன்எஸ் தன் இலவச முகவரிச் சேவையை நிறுத்தியது. பழைய முறை இணைய முகவரிகள் தீர்ந்துவரவே, பல சேவையாளர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்தலாயினர். அத்தகைய வீட்டிலிருந்து உலகத்தைப் பார்க்கலாம். உலகம் அந்த வீட்டின் கதவைத் தட்டமுடியாது. நாம் படிக்கவும் பார்க்கவும் மட்டுமே ஆனவர்கள் என்பதை யாரும் சட்டமாக்கவில்லை. கம்பிகளின் ஏற்பாட்டில் அது தானாக நடந்துவிட்டது. ஆறாம் பதிப்பு இணைய முகவரிகள் பரவும் இடங்களில் இக்கதவு மீண்டும் சற்றே திறக்கிறது.

வீட்டில் வழங்கி வைத்தால் தமிழ் தப்பிவிடுமா என்று கேட்பது நியாயமே. தப்பாது. வன்தட்டு பழுதாகும், உரியவர் மறைந்தால் வீட்டார் அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுவார்கள். சுவடிக்கும் இதுவே நேர்ந்தது. சீவக சிந்தாமணியை உ.வே.சா. 1887இல் பதிப்பிக்க முடிந்தது ஒரு வீட்டில் ஒரு நல்ல ஏடு இருந்ததால் அன்று. பல ஊர்களில் பல படிகள் எஞ்சியிருந்ததால். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இதை உணர்ந்தே செயல்பட்டது. அதன் மின்னூல்களை யார் வேண்டுமானாலும் படியெடுத்து வழங்கலாம். விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: நூலின் முகப்பில், தட்டெழுதியவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்களைத் தாங்கிய பக்கத்தை நீக்கக்கூடாது. ஏட்டின் கடைசி ஓலையில் எழுதியவன் தன் பெயரையும் நாளையும் குறித்துவைத்த வழக்கம் இப்போது முதல் பக்கத்துக்கு வந்திருக்கிறது. உதகையில் பரண்மேல் ஓடும் சிறு பலகையொன்றில் அத்தொகுப்பை இரவோடிரவாகப் படியெடுத்து வைக்க, விரல்நகத்தளவு நினைவட்டை ஒன்று போதும்.