ஆடிய படங்களின் அழகியல்: செட்டிநாட்டு ஸ்டுடியோ ஒளிப்படங்களில் பிழையும் பொருளும்

செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலைச் சுவரில் முன்சாய்ந்து தொங்கும் முன்னோர் படங்களைப் பற்றி எழுதுபவர்கள் தேக்குச் சட்டத்தையும் கழுத்துருவையும் உடையையும் விவரிக்கிறார்கள். அந்தப் படங்களில் எங்கே பிழை நேர்ந்திருக்கிறது, அந்தப் பிழை என்ன செய்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. பிழை எல்லாம் அழகு என்பது என் வாதமன்று. ஒரு பிழையை நீக்கும்போது படம் நமக்குச் சொல்வது குறைந்துபோனால், அந்தப் பிழை கலையின் உறுப்பு. குறையாவிட்டால் அது வெறும் சேதம். இந்த அளவுகோலைக் கொண்டே இப்படங்களை அணுகுகிறேன்.

முதலில் சிவப்பு நிறத்தின் கதை. ஆரம்பகால ஒளிப்படத் தகடுகள் நீலத்தை மட்டுமே நன்கு உணர்ந்தன. 1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயமேற்றினால் அவை பச்சையையும் மஞ்சளையும் உணரும் என்று கண்டறிந்தார். சிவப்பை உணரும் தகடுகள் 1906 வாக்கில் விற்பனைக்கு வந்த பிறகும், ஸ்டுடியோக்காரர்கள் பழைய வகையை எளிதில் கைவிடவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கின்கீழ் படம் எழுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்பது பெரிய வசதி. அந்த வசதிக்கான விலையை ஆச்சிமார் கொடுத்தார்கள். அரக்குச் சிவப்புக் கண்டாங்கி கறுப்பாகியது. நெற்றிக் குங்குமம் கரும்பொட்டாகியது. மங்கலத்தின் நிறம் அமங்கலத்தின் நிறமாக மாறிய படத்தை ஒரு குடும்பம் எப்படிச் சுவரில் மாட்டும்?

படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டும் கலைக்கு இங்கே ஓர் அவசரத் தேவை இருந்தது. ஏற்கெனவே இருண்டுவிட்ட இடத்தில் நீர்த்த சாயம் எடுபடாது. கெட்டி வண்ணத்தால் மூடியாக வேண்டும். மூடினால் சேலையின் மடிப்பும் நிழலும் மறைந்து, துணி சித்திரத்தைப்போல் தட்டையாகிவிடும். முகத்தில் மெல்லிய பூச்சே போதும் என்பதால் அது ஒளிப்படமாகவே எஞ்சும். முகம் ஒளிப்படம், உடை ஓவியம் என்னும் இந்த இரட்டைத்தன்மைதான் வண்ணம் தீட்டிய செட்டிநாட்டுப் படங்களின் தனி அழகு. அதை ரசனை மட்டும் உருவாக்கவில்லை. தகட்டின் குறைபாடு கலைஞரின் கையைப் பிடித்து அங்கே இழுத்துச் சென்றது.

அடுத்தது, ‘ஆடிவிட்டது’ என்று ஸ்டுடியோக்காரர்கள் கழித்துவிடும் படங்கள். கேமராவின் மூடி திறந்திருக்கும் வரை அசையாதிருக்க வேண்டும் என்ற கட்டளைக்குப் பெரியவர்கள் பணிந்தார்கள், குழந்தைகள் பணியவில்லை. குடும்பப் படத்தில் எல்லோரும் வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ப நிறுத்தப்பட்டிருக்க, மடியிலிருந்த பிள்ளையின் முகம் மட்டும் கலைந்த கறையாகத் தெரியும். அந்தக் கறை ஒன்றுதான் படத்தில் யாரும் திட்டமிடாத நிகழ்வு. இறந்தவரை அமர்த்திச் சுற்றத்தார் சூழ எடுக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. நீண்ட நேரம் ஒளிபடும் தகட்டில் மிகத் தெளிவாகப் பதியக்கூடியவர் இறந்தவர்தான்; அழுது குலுங்குபவர்கள் மங்கிவிடுவார்கள். இந்த மங்கலைத் திருத்தினால் துக்கமே படத்திலிருந்து வெளியேறிவிடும்.

பிரெஞ்சு ஆய்வாளர் கிளெமோன் ஷெரூ, பிழைப்பட்ட ஒளிப்படங்கள் குறித்து 2003இல் வெளியிட்ட நூலில், பிழையின் வழியே ஒளிப்படக்கலை தன் இயல்பை வெளிப்படுத்துகிறது என்று வாதிட்டார். சரியான வாதம்தான், ஆனால் நம் படங்களுக்கு அது போதாது. இங்கே பிழை வெளிப்படுத்துவது கருவியை விட, அதன்முன் உட்கார்த்தப்பட்ட மனிதரை. கல்கத்தாவில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1860களில் குவியம் பிசகிய முகங்களுக்காகவும் தகட்டுக் கறைகளுக்காகவும் இங்கிலாந்தில் கண்டிக்கப்பட்டவர். 1875இல் இலங்கையில் குடியேறி, 1879இல் இறக்கும் வரை அங்கே தோட்டத் தொழிலாளரான தமிழரையும் படமெடுத்தார். அவருக்கு மங்கல் என்பது தேர்வு. செட்டிநாட்டுப் படத்தில் மடியில் ஆடிய பிள்ளைக்கு அது தேர்வே அல்ல, கட்டளையை மீறிய அசைவு. இரண்டையும் ஒரே அழகியலில் அடைப்பது தவறு.

பாதுகாப்பின்மையால் நேரும் கேட்டை வேறாக வைக்க வேண்டும். மழைக்கால ஈரத்தில் ஜெலட்டின் இளகி, படம் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. நிழற்பகுதிகளில் வெள்ளி மேலெழுந்து நீலப் பளபளப்பாகப் படர்கிறது. இராமபாணப் பூச்சி தாளை அரிக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், ‘பழசு’ என்ற களைக்காகவே இச்சேதத்தை விரும்பி வாங்குவோர் உண்டு. இந்த விருப்பத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பூச்சி தின்ற ஆச்சியின் முகம் எதையும் கூடுதலாகச் சொல்லவில்லை; நமக்கு இருந்த ஒன்று போய்விட்டது, அவ்வளவே. கண்ணாடிமேல் வைத்த சந்தனப் பொட்டும் சாம்பிராணிப் புகையும் வேறு வகை. அவை முன்னோருக்குப் படையலிடும் ‘படைப்பு’ நாளில் வீட்டார் செய்த வழிபாட்டின் தடங்கள். துடைத்தால் படத்தின் வாழ்க்கையில் ஒரு பகுதி போய்விடும்.

இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பயன் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு தமிழக ஸ்டுடியோப் படங்களை மின்னுருவாக்கியிருக்கிறது. ஆனால் வீடுகளில் உள்ள படங்கள் இன்று பெரும்பாலும் கணினி மேசைக்கே போகின்றன. அங்கே பூஞ்சைக் கறையும் பிள்ளையின் அசைவும் ஒரே சொடுக்கில் நீங்குகின்றன. செயற்கை நுண்ணறிவு, பதிவாகாத முகத்தைக் கற்பனையாகவே வரைந்து தருகிறது. பூஞ்சையை நீக்கட்டும். அதற்குமுன் திருத்தாத பிரதி ஒன்றை, விளிம்பை வெட்டாமல், சட்டத்தோடும் பொட்டோடும் எடுத்து வைக்க வேண்டும். கண்ணாடித் தகடு கிடைத்தால் அதன் ஓரங்களையும் சேர்த்துப் பதிய வேண்டும்: அச்சிடும்போது மறைத்துவிடும் அந்த ஓரங்களில்தான் பின்னணிப் படுதா முடியும் இடமும், அதைப் பிடித்து நிற்கும் உதவியாளின் கையும் அகப்படுகின்றன.