சிப்பிக் கணக்கு எழுதியவர்கள்

ஆயிரம் சிப்பி என்ன விலை? மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி வெள்ளைக்கார சர்க்கார் எழுதி வைத்ததில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கும் நாட்களில் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்துக்குப் போகும். கணக்கும் அப்படியே எழுதப்பட்டது. 1905இல் இலங்கைப் பக்கத்தில் நடந்த சலாபத்தில் 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களில் நான்கு பேர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் முடியாது. அவர்களின் கயிற்றைப் பிடித்து மேலே நின்ற மண்டாடியின் பெயரும் தெரியாது.

இது வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியதல்ல. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி ஒருவரின் கையேடான 'பெரிப்ளூஸ்', கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தார்கள் என்கிறது. அந்த ஒரு வரி எத்தனை வரலாற்று நூல்களில் ஏறியிருக்கிறது! கொற்கைத் துறையில் பரதவர் கடலில் மூழ்குவதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அங்கே அது ஒரு குடியின் தொழில். குற்றவாளிகளும் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சரக்கு வாங்க வந்தவன் எழுதினால் சான்று, உள்ளூர்க்காரன் பாடினால் கற்பனை என்ற அளவுகோலை நான் ஏற்கவில்லை.

விஞ்ஞானிகளின் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வருகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1889 தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து, மறு ஆண்டே முத்து, சங்குக் குளிப்பு பற்றி நூல் வெளியிட்டார். 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களின் ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து பெரிய தொகுதிகளாக வந்தது. வெளியிட்டது லண்டன் ராயல் சொசைட்டி. பிறகு மதராஸ் மீன்துறைக்கு வந்த ஹார்னெல், 1922இல் இந்தியக் கரையின் முத்துக்குளிப்புக்கென்றே தனி நூல் எழுதினார்.

அந்த ஐந்து தொகுதிகளின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு ஹெர்ட்மன் தந்த விடை, ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். புழு சிப்பிக்குள் புகுந்து சாகிறது, அதைச் சுற்றி முத்து படிகிறது. சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் அந்தப் புழு முழு வளர்ச்சி அடைகிறது என்றார். இந்தக் கணக்குப்படி பார்த்தால், சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான பார்களை மேய்ந்து அழிக்கும் திருக்கை முத்துக்கே தாயாகிவிடுகிறது! ஜேம்சன் என்ற விலங்கியலாளர் இலங்கை முத்துக்களின் உட்கருவைச் சோதித்து, புழு இல்லை என்று 1912இல் எழுதினார். இதற்கிடையே, 1906இல் இலங்கைப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த லண்டன் கம்பெனிக்கு 1907க்குப் பிறகு சிப்பியே கிடைக்கவில்லை. கம்பெனி கலைக்கப்பட்டது.

ஹெர்ட்மன் தவறிவிட்டார் என்பதற்காகச் சிரிக்க வேண்டியதில்லை. தவறைத் திருத்திக்கொண்டு போவதுதான் அறிவியல். என் புகார் வேறு. அவருடைய தவறு 'கோட்பாடு' என்ற தலைப்பில் பதிவானது. சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டியைப் பற்றியோ பக்கம் பக்கமாக எழுதினார்கள், 'மூடநம்பிக்கை' என்ற தலைப்பில். மார்க்கோ போலோ காலத்திலேயே எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவனுக்குப் போயிருக்கிறது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவனின் பயத்தைக் கட்டியது. அவன் வராத நாளில் ஆட்கள் கடலில் இறங்க மறுத்தார்கள் என்பதை அதே அதிகாரிகள்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடலடியைப் பற்றிக் குளிப்பவர்கள் அறிந்திருந்தது எங்கே போயிற்று? அது அந்த நூல்களுக்குள்ளேயே, ஆள் பெயர் இல்லாமல் கிடக்கிறது. தொல்லாயிரம் பார் முதலான பெயர்கள் ஹார்னெலுக்கு முந்தியவை. பாரின் அடி பாறையா மணலா, சிப்பி எந்த வயது என்று மூழ்கிப் பார்த்துச் சொன்னவர்கள் அவர்கள்தான். பார்களில் சிப்பி அழிவதற்குச் சூரன் என்ற ஒருவகை மட்டி படர்ந்து மூடுவது ஒரு காரணம் என்று 1860களில் கேப்டன்கள் எழுதிய அறிக்கைகள் சொல்கின்றன. 'சூரன்' என்ற பெயர் கேப்டன்களின் வாயில் பிறந்ததா என்ன? அந்தப் பக்கங்களைக் குளிப்பவர்களின் வாக்குமூலமாகவும் படிக்கலாம்.

தூத்துக்குடியின் இன்னொரு தொழில் முயற்சிக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை ஒப்பிடுங்கள். 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கும் போலீஸ் கோப்புகள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன, கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. சுயசரிதையும் எழுதி வைத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர் வந்தபோது எதிரியின் கோப்பை மற்றவற்றோடு உரசிப் பார்க்க முடிந்தது. முத்துக்குளிப்பில் அப்படி உரசிப் பார்க்க நம்மிடம் மறுபக்கக் காகிதம் மிகக் குறைவு. பரதவரின் சாதித்தலைவருக்கு உரிய மானியங்கள் பற்றி எழுதி வைத்தார்கள், அது தலைவரின் உரிமை என்பதால். தோணியில் போனவனுக்கு அதுவும் இல்லை.

தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1955 முதல் 1961 வரை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழு, சிப்பிக்குள் மணி வைத்து, இன்னொரு சிப்பியின் மேலுறைத் துண்டை அதனோடு சேர்த்து, உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. புழுவுக்கு வேலையே இல்லை; முத்தைச் சுரப்பது அந்த மேலுறைத் தோல்தான். இந்தச் சாதனை முறையாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வகையில் நம் காலம் தேவலாம்.

1961இல் இருபது வயதில் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். கடற்கரை ஊர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் அப்படி ஒரு தாத்தா இருந்தால், எந்தப் பாரில் குளித்தார், மண்டாடி யார், பங்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டுக் கைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். சலாபச் சீட்டு, தோணிக் கணக்கு என்று பெட்டியடியில் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல், ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள்.