மட்டாஞ்சேரியில் அடைப்பும் சட்டமும்

1997 ஜூலை 28. எர்ணாகுளத்தில் ராம் மோகன் மாளிகையில் அப்போது இயங்கிய கேரள உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், பந்த் நடத்துவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கின் பெயர் பரத்குமார் கே. பலிச்சா எதிர் கேரள அரசு. காயலுக்கு இக்கரையில் எங்கள் மட்டாஞ்சேரியில் அந்தப் பெயரைக் கேட்டதும் 'யாரோ குஜராத்தி சேட்டு கேஸ் போட்டிருக்காராம்' என்றுதான் முதல் பேச்சு எழுந்தது. குஜராத்தித் தெருவே உள்ள ஊர் அல்லவா. அப்போது பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தீர்ப்பு வந்த செய்தியை மண்டி முதலாளி சத்தமாக வாசித்துவிட்டு, "இனி மேல் கடை நம்மளுது" என்றார். அவர் சொன்னது முழுசாகப் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்பதுதான் சொல்ல வந்த கதை.

அடைப்பு என்றாலே தப்பு என்று பேசுகிற ஆள் நான் இல்லை. மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு அப்படிப் பேசவும் முடியாது. இந்த ஊர்த் துறைமுகத்தில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. காலையில் வேலைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நிற்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அதைப் பொறுக்கியவனுக்கு அன்று வேலை, மற்றவனுக்கு வீட்டில் பட்டினி. ஒரு வில்லைக்காக மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். அதை ஒழிக்கச் சொல்லித்தான் 1953-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி போலீஸ் சுட்டது. சைது, சைதலவி இருவரும் குண்டடி பட்டு இறந்தார்கள். அந்தோணி போலீஸ் சித்திரவதையால் இறந்தார். 2023-ல் ராஜீவ் ரவி எடுத்த 'துறைமுகம்' படம் இந்தக் கதைதான். துறைமுகத்தை அவர்கள் தங்கள் வயிற்றைக் காயப்போட்டு நிறுத்தினார்கள். அடுத்தவன் கடைக் கதவைத் தட்டி நிறுத்தவில்லை. பின்னால் வந்த பந்துகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கோடு போட்டது. தன் வேலையை நிறுத்துவது வேறு, மற்றவர்களை வேலை செய்யவிடாமல் தடுப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய எந்தக் கட்சிக்கும் உரிமை இல்லை என்றது. பந்தால் சேதம் ஏற்பட்டால் அழைப்பு விடுத்த கட்சியே நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அமர்வில் இருந்த கே.ஜி. பாலகிருஷ்ணன் பிறகு இந்தியாவின் தலைமை நீதிபதியாகவும், பி.கே. பாலசுப்ரமணியன் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார்கள். மார்க்சிஸ்ட் கட்சி மேல்முறையீடு செய்தது. 1997 நவம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, கேரளத் தீர்ப்பே சரி என்றது.

அடுத்த வருஷம் பந்த் இல்லை. ஹர்த்தால் இருந்தது! அதே ஆட்கள், அதே கொடிகள், அதே பன்னிரண்டு மணி நேரம், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி விலக்கு என்ற அந்த அறிவிப்பு வாசகம்கூட மாறவில்லை. ஐயப்ப பக்தர்கள் வண்டிக்கும் பெரும்பாலும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து மாலை போட்டு வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெயரை மாற்றினால் தீர்ப்பு பொருந்தாது என்று கட்சிகள் நினைத்தன. வற்புறுத்தி நடத்தும் ஹர்த்தாலும் சட்டவிரோதமே என்று 2000-த்திலும் 2004-லும் உயர் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஹர்த்தால் நாளில் எங்கள் மண்டி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பழைய மண்டிகளுக்கு ஷட்டர் கிடையாது, நிரைப்பலகைதான். ஒவ்வொரு பலகையின் தலையிலும் எண் செதுக்கியிருக்கும். வரிசை மாறினால் காடியில் உட்காராது. எல்லாப் பலகையையும் போட்டுவிட்டுக் கடைசி ஒன்றை மட்டும் ஒரு சாண் விலக்கி வைப்போம். உள்ளே அரையிருட்டில் சுக்குத் தூசியும் மிளகு நெடியும். நான் பேரேட்டில் பற்று வரவு பார்த்துக்கொண்டிருப்பேன். ஊர்வலம் வரும் சத்தம் கேட்டதும் அந்த ஒரு சாணும் மூடும். எப்போதாவது வெளியிலிருந்து, "கட அடச்சேக்கு, சேட்டா" என்று மரியாதையாகவே குரல் வரும். குரலில் இருந்த மரியாதை கையில் இருந்த கம்பில் இருக்காது. சுமட்டுத் தொழிலாளிகளுக்கு அன்று கூலி கிடையாது. சுமை ஏறினால்தானே கூலி. கொடி பிடித்தவர்களில் பாதிப் பேர் அவர்களே என்பது வேறு விஷயம். முந்தின நாள் சாயங்காலம் கோழிக்கடையிலும் பெவரேஜஸ் மதுக்கடை வாசலிலும் நிற்கும் வரிசையைப் பார்த்தால் நாளைக்கு ஏதோ பண்டிகை என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார்.

பண்டிகையாக முடியாத நாட்களும் உண்டு. 1988 மார்ச் 15 பாரத் பந்த் அன்று கேரளத்தில் ஒரு மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. மூடச் சொல்லி ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். தகராறு முற்றி, மில் பக்கத்திலிருந்து துப்பாக்கி வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டது குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுட்டவரை விடுவித்தது. பதினைந்து வருஷம் வழக்கு. ஒரு நாள் மாவு அரைத்ததற்கு.

தீர்ப்பு மேல் தீர்ப்பு வந்தாலும் சட்டம் என்று ஒன்று எழுதப்படவில்லையே என்ற குறை இருந்துகொண்டே இருந்தது. 2015-ல் உம்மன் சாண்டி அரசில் உள்துறை அமைச்சராக இருந்த ரமேஷ் சென்னித்தலா அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார். ஹர்த்தாலை ஒழுங்குபடுத்தும் மசோதா. மூன்று நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது; பலவந்தமாகக் கடை அடைக்க வைத்தால் சிறை, அபராதம். எங்கள் பஜாரில் அதைப் பற்றி ஆவலாகப் பேசினார்கள். நான் மட்டும் நம்பவில்லை. இன்று ஆளுங்கட்சி, நாளை எதிர்க்கட்சி என்று மாறி மாறி உட்காரும் மாநிலத்தில், நாளைக்குத் தன் கைக்கு வேண்டிய ஆயுதத்தை எவன் இன்றைக்கே உடைத்துப்போடுவான்? மசோதா சட்டமாகவில்லை. 2016-ல் சட்டமன்றத்தின் காலமும் முடிந்தது, ஆட்சியும் மாறியது. 2017 அக்டோபர் 16-ல் எதிர்க்கட்சித் தலைவர் மாநிலம் தழுவிய ஹர்த்தாலுக்கு அழைத்தார். எதிர்க்கட்சித் தலைவர் யார் என்றால், அதே சென்னித்தலா.

அடைப்பை ஆயுதமாக வைத்துக்கொள்வதில் கேரளம் தனி ஆளில்லை. 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் அமெரிக்க அரசாங்கத்தின் ஒரு பகுதியே பூட்டிக் கிடந்தது. அங்கே பூட்டியது தெருவில் போகிற ஊர்வலம் இல்லை, நாடாளுமன்றம். அவர்களுக்கு 1884-லிருந்து ஒரு சட்டம்: நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை அரசு செலவழிக்கக் கூடாது. பணம் ஒதுக்குவது தாமதமானால் ஆபீஸை மூடியே ஆக வேண்டும் என்று 1980-ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கறாராகப் பொருள் சொன்னார். அதன் பிறகுதான் ஆபீஸ் அடைப்பு வழக்கமானது. பட்ஜெட் நிறைவேறாவிட்டால் போன வருஷ ஒதுக்கீடே தானாகத் தொடரட்டும் என்று செனட்டர் ராப் போர்ட்மேன் பல முறை மசோதா கொடுத்தார். நிறைவேறவில்லை. பூட்டைக் காட்டி மிரட்டிக் காரியம் சாதிக்கலாம் என்ற ஆசை இரண்டு கட்சிக்கும் இருக்கும்போது எப்படி நிறைவேறும்? நம்மூரில் அந்தத் தொல்லை இல்லை. அரசியல் சாசனத்தின் 116-வது பிரிவு மத்திய அரசுக்கும் 206-வது பிரிவு மாநிலங்களுக்கும் முன்பணமாகக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது. சாசனம் எழுதியவர்கள் கஜானா பக்கத்துக் கதவுக்குக் கட்டை கொடுத்துவிட்டார்கள். தெருப் பக்கத்துக் கதவைக் கவனிக்கவில்லை.

அமெரிக்கா பூட்டிக் கிடந்த அதே ஜனவரியில்தான் இங்கே ஒரு திருப்பம் வந்தது. 2018-ல் மட்டும் கேரளத்தில் 97 ஹர்த்தால் என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. வியாபாரிகள் பொறுத்தது போதும் என்று, இனி ஹர்த்தாலுக்குக் கடை அடைப்பதில்லை என அந்த டிசம்பரில் கூடி முடிவெடுத்தார்கள். சபரிமலையில் இரண்டு பெண்கள் நுழைந்ததை எதிர்த்து மறுநாள், 2019 ஜனவரி 3, ஹர்த்தால். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வியாபாரிகள் துணிந்து திறந்தார்கள். கூட்டம் வந்து கடைகளை அடித்து நொறுக்கியது. அடுத்த வாரம் தொழிற்சங்கங்களின் இரண்டு நாள் பொது வேலைநிறுத்தத்தில் மிட்டாய்த் தெரு மறுபடி திறந்தது, எர்ணாகுளம் பிராட்வேயிலும் கடைகள் திறந்தன. இடையில் ஜனவரி 7-ல் உயர் நீதிமன்றம் ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தாலுக்கு அழைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சென்னித்தலா மசோதா மூன்று நாள் கேட்டது, நீதிபதிகள் ஏழாக்கினார்கள். ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. காசர்கோடு பெரியாவில் இரண்டு இளைஞர் காங்கிரஸ்காரர்கள் கொல்லப்பட்டதற்காக, பிப்ரவரி 18-க்கு ராத்திரியோடு ராத்திரியாக ஹர்த்தால் அறிவித்தார் அந்த அமைப்பின் மாநிலத் தலைவர் டீன் குரியாகோஸ். நீதிமன்றம் அவமதிப்பு வழக்கு எடுத்தது. சில மாதத்தில் அவர் இடுக்கியின் எம்.பி. ஆனார்.

சட்டம் நிறைவேறினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே அரசு அலுவலகங்களே நின்றுபோகாமல் தடுக்க 2002-ல் 'டெஸ்மா' என்ற சட்டம் வந்தது. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்ததும், ஓர் அவசரச் சட்டத்தால் அதற்குப் பல் முளைக்க வைத்து, ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார் ஜெயலலிதா. ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம் ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. அதோடு பெரும்பாலானவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கவும் வைத்தது. அதற்கு முந்தின வருஷம் இங்கே ஏ.கே. அந்தோணி அரசை எதிர்த்து ஊழியர்கள் 32 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். யாரையும் லட்சக் கணக்கில் நீக்கவில்லை. கேரளத்தில் அதற்கு 'டயஸ்நோன்' என்று ஒரு மருந்து உண்டு: வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. எனக்கு அந்த மருந்துதான் பிடிக்கிறது. தன் வேலையை நிறுத்துகிறவன் தன் கூலியைக் கொடுத்து நிறுத்தட்டும். சாப்பா காலத்துத் தொழிலாளி அப்படித்தானே நிறுத்தினான்.

பிறருடைய கடையை நிறுத்துகிறவனுக்கும் விலை உண்டு என்று 2022-ல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 23-ல் பாப்புலர் ஃப்ரண்ட் என்ற அமைப்பு நடத்திய திடீர் ஹர்த்தாலில் அரசு பஸ்கள் உடைந்தன. 5.20 கோடி ரூபாய் கட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். கட்டாததால் 2023 ஜனவரியில் நிர்வாகிகளின் சொத்துகள் ஜப்தியாயின. 1997 தீர்ப்பில் எழுதிய நஷ்டஈடு ஜப்தி வரை வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

சட்டமன்றத்தை நம்பி இந்தத் தெரு ஒரு நாளும் திறந்ததில்லை. நீதிமன்றம் பாதி திறந்தது, கடைக்காரர்கள் மீதியைத் திறந்தார்கள். மற்றபடி, ரமேஷ் சென்னித்தலாவின் மசோதா சட்டமாகவே இல்லை.