நதேழ்தா தூரவா: வரலாறும் புனைவும்

ஆணுடை பூண்டு போர்க்களம் புக்க மகளிரைப் பற்றிய கதைகள் பல நாடுகளிலும் வழங்குகின்றன. அவற்றுள் சான்று வலிமை மிக்கனவற்றுள் ஒன்று, உருசிய நாட்டு நதேழ்தா தூரவாவின் (1783–1866) வரலாறு.

இவர் 1806-இல் வீடு நீங்கி, ஆண்பெயர் தாங்கிக் குதிரைப்படையிற் சேர்ந்தார். 1807-இல் நெப்போலியன் படையை எதிர்த்துப் பொருதார். உண்மை வெளிப்பட்டபோது பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் இவரை ஒறுத்திலர். புனித ஜார்ஜ் சிலுவையளித்து, தம் பெயர்வழி அமைந்த ‘அலெக்சாந்திரோவ்’ என்னும் பெயரும் ஈந்து, படையிலேயே இருத்தினார். 1812-ஆம் ஆண்டுப் போரிலும் இவர் பங்குகொண்டார்.

1836-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இவர் தம் அகவையைக் குறைத்துக் காட்டுகின்றார். 1801-இல் நிகழ்ந்த திருமணமும் 1803-இல் பிறந்த மகனும் அந்நூலில் இடம்பெறவில்லை. பிற்காலப் புனைவும் இந்நெறியே சென்றது. கிளாத்கோவின் நாடகத்தைத் தழுவி 1962-இல் ரியாசானோவ் இயக்கிய திரைப்படத்தில், தூரவாவை நினைவூட்டும் தலைவி, காதலில் நிறைவுறும் இளங்கன்னியே ஆவாள்.

வீடு துறந்த கன்னியை வீராங்கனை எனப் போற்றும் உலகம், மகவைப் பிரிந்த தாயை அவ்வாறு போற்றுதல் அரிது. இதனை உணர்ந்தே தூரவா அச்செய்தியை மறைத்தார் எனக் கருத இடமுண்டு. ஆதலின், இத்தகு நூல்களை ஆராய்வோர் கூறியவற்றோடு கூறாது விடுத்தவற்றையும் ஆவணங்களோடு ஒப்புநோக்குதல் இன்றியமையாதது.