ஒரு தாய்ச்சொல், இரு சேய்ச்சொற்கள்: பிரெஞ்சில் அன்றாட வழக்கும் மருத்துவ வழக்கும்

பிரெஞ்சு மொழியில் ‘கேட்டல்’ என்னும் பொருள் தரும் அன்றாட வினைச்சொல் ‘எக்கூத்தே’. மருத்துவர் நோயாளியின் மார்பொலியைக் கேட்டு ஆராய்வதற்குரிய சொல் ‘ஒஸ்குல்தே’. ஓசையில் ஓரளவே ஒத்த இவ்விரண்டும் ‘அவுஸ்குல்தாரே’ என்னும் ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. மொழியியல் வகுப்புகளில் இத்தகைய இணைகளை ஒலித்திரிபுக்குச் சான்றாகக் காட்டுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே எழுந்த ஒரு சுவரின் வரலாறும் அவற்றுள் உண்டு.

உரோமர் ஆட்சியில் இன்றைய பிரான்சு நிலப்பகுதியில் பரவிய பேச்சு இலத்தீன், மக்கள் நாவில் பல நூற்றாண்டுகள் தேய்ந்தும் திரிந்தும் பிரெஞ்சாயிற்று. ஏட்டு இலத்தீனோ திருச்சபையிலும் பல்கலைக்கழகத்திலும் மாறாது நின்றது. இடைக்காலத்தின் பிற்பகுதியிலும் மறுமலர்ச்சிக் காலத்திலும் கற்றோர் அவ்வேடுகளிலிருந்து சொற்களை மீண்டும் எடுத்து, ஈற்றை மட்டும் மாற்றி வழங்கினர். வடசொற்களைத் தற்பவம், தற்சமம் என நம் இலக்கணிகள் பகுத்ததை இங்கு நினைவுகூரலாம். ஆயினும் தமிழ் பெற்றது பிறமொழிச் சொற்களை. பிரெஞ்சோ தன் தாய்மொழியிடமே இருமுறை பெற்றது.

சில சான்றுகளைக் காண்போம். கால்விரலைக் குறிக்கும் ‘ஒர்த்தெய்’, மூட்டைக் குறிக்கும் ‘ஆர்த்திக்குலாசியோன்’ ஆகிய இரண்டிற்கும் வேர், சிறு மூட்டைச் சுட்டிய ‘ஆர்த்திக்குலுஸ்’ என்பதே. பருகுதலைக் குறித்த ‘போத்தியோ’ என்னும் சொல், மக்கள் வழக்கில் ‘ப்வாசோன்’ ஆகி நஞ்சைக் குறித்தது. ஏட்டுவழி ‘போசியோன்’ ஆகிப் பருகும் மருந்தைக் குறித்தது. கல்லீரலின் பெயர் வேறு வகையினது. அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்த விலங்கின் ஈரல் உரோமர் உணவுகளுள் ஒன்று. அத்தியின் பெயரடியாக எழுந்த ‘ஃபிக்காத்தும்’ என்னும் சொல்லே ‘ஃப்வா’ எனத் திரிந்து கல்லீரலுக்குப் பெயராயிற்று. மருத்துவரோ கிரேக்க வேரைக் கொண்டு, கல்லீரல் அழற்சியை ‘எப்பத்தித்’ என்கிறார். தம் உறுப்பின் பெயரை அந்நோயின் பெயரில் நோயாளி காண இயலாது.

இச்சுவரை எதிர்த்தவர்களும் இருந்தனர். முடிதிருத்துநர் மரபில் பயின்ற அறுவை மருத்துவர் அம்புருவாசு பாரே இலத்தீன் கல்லாதவர். துப்பாக்கிக் காயங்களுக்கான சிகிச்சை பற்றி 1545இல் அவர் பிரெஞ்சிலேயே நூல் எழுதினார். 1575இல் அவருடைய நூல்தொகுப்பு வெளிவந்தபோது பாரிசு மருத்துவப் புலம் அதனை எதிர்த்தது. கிரேக்க மருத்துவர் இப்போகிராத்தீசும் தம் தாய்மொழியில்தானே எழுதினார் என்பது பாரேயின் மறுமொழிகளுள் ஒன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1673இல், நாடகாசிரியர் மொலியேர் தம் இறுதி நாடகத்தில் மருத்துவப் பட்டமளிப்பைக் கலப்பட இலத்தீனில் நடத்திக் காட்டி அவையோரைச் சிரிக்கவைத்தார்.

‘ஒஸ்குல்தே’ மருத்துவத்தில் நிலைபெற்ற வரலாறும் அறியத்தக்கது. 1816இல் பாரிசின் நெக்கேர் மருத்துவமனையில் ரெனே லயென்னெக், இதயநோயுற்ற இளம்பெண் ஒருவரைச் சோதிக்க நேர்ந்தது. மார்பில் காதுவைத்துக் கேட்பது முறையாகாது என எண்ணிய அவர், தாள்களைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். இதயத்துடிப்பு முன்னினும் தெளிவாகக் கேட்டது. 1819இல் இம்முறையை நூலாக்கினார். கருவிக்கு அவர் இட்ட ‘ஸ்டெதாஸ்கோப்’ என்னும் பெயர், கிரேக்கத்தில் ‘மார்பைப் பார்ப்பது’ எனப் பொருள்படும். கேட்கும் கருவி பார்க்கும் பெயர் பெற்றது. வீட்டிலிருந்த கேட்டற்சொல்லோ மருத்துவத்திற்கு ஏட்டிலிருந்தே வந்தது.

கல்விச் சொற்கள் வேண்டாதவை என நாம் கூறவில்லை. மூட்டையும் விரலையும் ஒரே சொல்லால் சுட்டினால் சிகிச்சை பிழைபடும். நுண்மை வேண்டுமிடத்தில் தனிச்சொல் வேண்டும். ஆயினும் கலைச்சொல்லிலிருந்து வீட்டுச் சொல்லுக்குத் திரும்ப ஒரு வழி இருத்தல் நன்று. தமிழில் ‘கல்லீரல் அழற்சி’ என்னும்போது உறுப்பின் பெயர் கண்முன் நிற்கிறது. ‘அழற்சி’யை மட்டும் விளக்கினால் போதும். பிரெஞ்சு ஆசிரியர் ‘எப்பத்தித்’தையும் ‘ஃப்வா’வையும் தாமே இணைத்துக் காட்டவேண்டும். கலைச்சொல்லைக் கற்பிக்கும் நாளிலேயே அதன் வீட்டுச் சொல்லையும் கரும்பலகையில் எழுதுவோமாயின், நாளை மருத்துவராகப்போகும் மாணவர் நோயாளியிடம் எந்தச் சொல்லால் பேசவேண்டும் என்பதையும் கற்றுக்கொள்வார்.